வெயில் நடக்கும், கூண்டு நடக்காது

பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மீரான் அண்ணன் போய்விட்டார். பேனாவை மூடிவைத்துவிட்டு அங்கேயே அழுதேன். அந்த அழுகை உண்மையானது. இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

பாளையங்கோட்டையில் எங்கள் பள்ளியின் ஆய்வக உதவியாளராக அவரை உங்களில் பலர் அறிவீர்கள். சொந்த ஊர் காயல்பட்டினம். பள்ளிக்கு வருமுன் துபாயில் ஒரு வீட்டுக்கு ஓட்டுநராக இருந்தார். அந்த வீட்டுப் பிள்ளைகள் வளர்த்த ஹாம்ஸ்டர்களை, வால் குட்டையான அந்தச் செல்ல எலிகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் தலையில்தான் விழுந்ததாம். கார் ஓட்டியதைப் பற்றி அவர் பேசிக் கேட்டதில்லை. ஹாம்ஸ்டர் என்றால் நிறுத்தமாட்டார்.

என் மகள் பவித்ரா ஐந்தாம் வகுப்பு படித்தபோது வண்ணார்பேட்டையில் ஒரு கடையில் இரண்டு ஹாம்ஸ்டர் வாங்கினேன். உயிரை ஒற்றையாக வாங்கக் கூடாது, ஜோடியாகத்தான் வாங்க வேண்டும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டே, அந்த நினைப்புதான். மூன்றாம் நாள் இரண்டும் கட்டிப் புரண்டு சண்டை போட்டதில் ஒன்றின் வலது காது ஓரம் பிய்ந்துவிட்டது. மீரான் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "டீச்சர், இது கூட்டுக் குடும்பம் நடத்துத சாதி இல்ல. தனிக்குடித்தனம்தான்." ஒன்றைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோனார். காது பிய்ந்ததை உள்ளங்கையில் வைத்து உப்புத் தண்ணீரால் அவரே துடைத்துவிட்டார். அதுதான் எங்கள் கடலை. பவித்ரா வைத்த பெயர்.

கூண்டையும் அவரே மாற்றி அமைத்தார். அடியில் கம்பியாக இருந்தால் பாதம் புண்ணாகும் என்று தட்டையான பெட்டி. கடைக்காரன் தந்த பஞ்சைத் தூக்கி எறிந்தார், காலில் சுற்றி இறுக்கிவிடுமாம். அதற்குப் பதில் பள்ளியில் மிஞ்சிய வெள்ளைத்தாளைக் கிழித்துப் போட்டார். மை பட்ட தாள் ஒன்றுகூடக் கலக்கவிடவில்லை. ஒரு சிறு மண்சட்டியின் விளிம்பை அரத்தால் ராவி வாசல் வைத்துக் கவிழ்த்தார். நம் ஊர் வெக்கைக்கு அதற்குள்தான் குளிர்ச்சி என்றார். கூண்டை எங்கே வைப்பது என்று நான் கேட்டதும், வீட்டின் ஒவ்வொரு சன்னலாகப் போய் நின்று பார்த்தார். "காலையில நிழலா இருக்கேன்னு வச்சிராதீங்க. வெயில் நடக்கும் டீச்சர், கூண்டு நடக்காது."

ஒருமுறை எங்களுடன் வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் வீட்டில் ஹாம்ஸ்டர் செத்தது. பிள்ளையிடம் அது ஓடிப்போய்விட்டது என்று சொல்லிச் சமாளித்ததாக அவர் எங்களிடம் சொன்னார். மீரான் அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "வாயில்லா உசுரு. அதுக்கு நடந்தத நாம மறைச்சா, சாட்சி சொல்ல யாரு இருக்கா?" என்றார். அன்றிலிருந்து அவர் பேச்சு எனக்கு வேதவாக்கு.

அந்தக் கோடையில் திசையன்விளையில் என் தம்பி கல்யாணம். கடலையை அவரிடம் விட்டுவிட்டு ஒரு வாரம் போனோம். திரும்பியதும் அவரே கூண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பவித்ரா குனிந்து பார்த்தவள் நிமிர்ந்து, "இது கடலை இல்லம்மா" என்றாள். "காது முழுசா இருக்கு. என்னைக் கடிக்க வருது."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "புண்ணு ஆறி முடி மூடிட்டு பாப்பா. ஒரு வாரம் பிரிஞ்சிருந்ததுல்லா, ஒன்ன மறந்துட்டு."

அவள் விடவில்லை. அழுதாள், அடம்பிடித்தாள். மாமா பொய் சொல்கிறார் என்றாள். நான் அவளை அவர் முன்னாலேயே அடித்தேன். "பெரியவங்கள பொய் சொல்லுதாங்கன்னு சொல்லுவியா?" அவர் தடுத்தார். "புள்ளைய அடிக்காதீங்க டீச்சர்" என்று என் கையைக்கூடப் பிடித்தார். ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை. பவித்ரா அதன்பிறகு அந்தக் கூண்டைத் தொடவே இல்லை. உனக்குச் சலித்துவிட்டது, பொறுப்பில்லை என்று இரண்டு வருடம் அவளைத் திட்டிக்கொண்டே நான்தான் கூண்டைக் கழுவினேன்.

இப்போது அவர் இறந்த மூன்றாம் நாள் துக்கம் கேட்கப் போனேன். மைனி, அவர் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் பெருமையைத்தான் சொன்னார். "ஒங்க மக மேல எம்புட்டுப் பாசம்! நீங்க கல்யாணத்துக்குப் போயிருந்தப்ப, வெள்ளிக்கிழமை கரண்டு இல்லன்னு காத்துக்காக மேக்குச் சன்னல்ல கூண்ட வச்சிட்டு ஜும்மாத் தொழுகைக்குப் போனாவ. அங்கன இருந்து அப்படியே காயலுக்கு, சொந்தத்துல ஒரு மவுத்து, அந்த மையத்து வீட்டுக்கு. நானும் கூடப் போயிட்டேன். வந்து பாத்தா வெயில்ல செத்துச் சுருண்டு கெடக்கு. புள்ள அழுமேன்னு நாகர்கோவில் வரைக்கும் அலைஞ்சு அதே நெறத்துல வாங்கியாந்தாவ. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

தெரியாது மைனி. ஏழு வருடமாகத் தெரியாது.

வெயில் நடந்ததை அவர் மறந்தார். அதை நான் மன்னித்துவிட்டேன், யாருக்கும் நேரும். ஆனால் உப்புத் தண்ணீர் வைத்துத் துடைத்த காதை அவர் மறந்திருக்க முடியாது. சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள் என்று கேட்டாரே, இருந்தாளே ஒருத்தி, பத்து வயதில். அவள் வாயை என் கையால் அடைக்கவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன்பிறகும் தினமும் என்னோடு உட்கார்ந்து டீ குடித்தார். ஊருக்குத்தான் உபதேசம். எனக்கு ஆறவில்லை. சண்டை போடவும் ஆள் இல்லாமல் செய்துவிட்டாரே என்று வருகிறது.

அன்று சாயங்காலமே கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கும் பவித்ராவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "மாமா மேல எனக்குக் கோபமெல்லாம் அப்பவே போயிட்டும்மா. அவங்க பயந்துதான் சொன்னாங்கன்னு முகத்துலயே தெரிஞ்சுது" என்றாள். பிறகு, "நீ காதப் பாக்கவே இல்லையேம்மா" என்றாள்.

ஆமாம், பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன், அவள் முகத்தைப் பார்த்தேன், கூண்டுக்குள் பார்க்கவில்லை.

வாசல் ராவிய அந்த மண்சட்டி இன்னும் என் வீட்டில் இருக்கிறது. தூக்கி எறியப் போனேன், முடியவில்லை. அவர் கைவேலை, நல்ல வேலை. அதை வைத்துக்கொள்கிறேன். வெயிலைப் பற்றி அவர் சொன்னதையும் வைத்துக்கொள்கிறேன். அவர் சொல்லித்தராமல் விட்ட ஒன்றும் என்னிடம் இருக்கிறது: இனி ஒரு பிள்ளை வந்து "இது அது இல்லை" என்றால், யார் முகத்தையும் பார்க்காமல் முதலில் காதைப் பார்ப்பேன்.