ஏழாம் வண்டி நிற்க வேண்டிய இடம்

வகுப்பில் அவளுக்குச் 'சந்தேகம்' என்று பெயர். பாடம் நடக்கும்போது எழுந்து, "சார், ஒரு சந்தேகம்" என்பாள், அதுவே ஒட்டிக்கொண்டது. பயந்த சுபாவம். ஒரு வரி புரியாமல் அடுத்த வரிக்குப் போக அவளுக்குக் கால் வராது.

கணிதப் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டில் அந்தப் பயம் தேர்விலிருந்து வேலைக்குத் தாவியது. முன்பு இதே படிப்பை முடித்தவர்களில் ஒருவர் கைபேசிக் கடையில் உறை விற்றார். அவர்களில் இன்னோர் அக்கா வங்கித் தேர்வை ஐந்தாவது முறையாக எழுதிக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் அம்மா எதுவும் கேட்கமாட்டாள். மாமாதான் வரும்போதெல்லாம் ஆரம்பிப்பார்.

"கணக்குப் படிச்சு என்னம்மா ஆகப்போற? எங்க வீட்டுப் படியை எண்ணிச் சொல்லவா?"

சிரித்து வைப்பாள்.

இறுதியாண்டு ஆய்வுக்காகத் துறைத்தலைவர் அவளை ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பினார். ஏழு வண்டிகள், ஏழு இடங்களில் நிற்கும். அங்கே மேற்பார்வையாளராக இருந்த பெண்மணி பதினொரு மாத அழைப்புப் பதிவுகளைக் கையில் கொடுத்து, "எது எங்க நின்னா சீக்கிரம் போய்ச் சேரும்னு பாரு" என்றார்.

ஆறு வாரம் உட்கார்ந்து கணக்கிட்டாள். கிடங்குத் தெருவில் நிற்கும் ஏழாம் வண்டிக்குத்தான் வேலை குறைவு. அதை மேம்பாலத்தடியில் நிறுத்தினால், நகரத்தில் வண்டி போய்ச் சேரும் சராசரி நேரம் ஒன்பது நிமிடத்திலிருந்து ஏழரைக்கு இறங்கும். மேற்பார்வையாளருக்கு மகிழ்ச்சி. திங்கட்கிழமை வண்டியை மாற்றினார்கள்.

புதன்கிழமை முற்பகலில் கிடங்குத் தெருவிலிருந்தே அழைப்பு வந்தது. அழைப்பை எடுத்த பெண் அவளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்தாள்.

"அப்பா கீழ விழுந்துட்டாரா? மூச்சு இருக்கா? வண்டி கிளம்பிடுச்சும்மா, வந்துக்கிட்டே இருக்கு."

திரையில் வண்டியின் புள்ளி ரயில் கேட்டருகே நின்றது. கேட் மூடியிருந்தது. ஐந்து நிமிடம். எட்டு. புள்ளி நகரவில்லை. பதின்மூன்றாவது நிமிடத்தில் வண்டி போய்ச் சேர்ந்தது. பழைய இடத்தில் நின்றிருந்தால் நான்கு நிமிடம்.

மதியம் ஓட்டுநர் நேராக உள்ளே வந்தார். "என் வண்டிய அங்க மாத்துன புண்ணியவான் யாரு? அந்தப் பொண்ணு நடுரோட்டுல நின்னு கத்திக்கிட்டு இருந்துச்சு!"

"நான்தான் மாத்தச் சொன்னேன். என்கிட்ட பேசுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

அவள் எழவில்லை. தலை குனிந்து திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும், ஆய்வை மாற்றித் தரச் சொல்லித் துறைத்தலைவருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். அம்மா தையலை நிறுத்திவிட்டு என்ன நடந்தது என்று கேட்டாள். அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "அப்ப அந்த வண்டி இன்னும் அங்கேயேதான் நிக்குதா?" என்றாள்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆமாம், அங்கேயேதான் நிற்கிறது.

மறுநாள் விடியும் முன்பே கட்டுப்பாட்டு அறைக்குப் போனாள். பதிவுகளை மறுபடி விரித்தாள். கேட் திறந்திருந்த நேரங்கள் மூடியிருந்த நேரங்களை மறைத்திருந்தன. சராசரி பார்க்க அழகாகத்தான் இருந்தது. இந்த முறை ஒவ்வொரு தெருவுக்கும் ஆக மோசமான நேரத்தை எடுத்து, அதைக் குறைக்கப் பார்த்தாள். நூலக முனை அகப்பட்டது. சராசரி எட்டு, ஆனால் எந்தத் தெருவுக்கும் ஒன்பதைத் தாண்டாது.

மேற்பார்வையாளரிடம் காட்டும் முன் ஓட்டுநரைத் தேடிப் போனாள்.

"அண்ணே, அன்னைக்கு வண்டிய மாத்தச் சொன்ன கணக்கு என்னோடது."

அவர் கழுவிக்கொண்டிருந்த வண்டியை விட்டுத் திரும்பினார். "நீயா? நீ காலேஜ் பொண்ணுதானே?"

"இப்ப நூலக முனையில நிறுத்தலாம்னு வருது."

திட்டு விழும் என்று நின்றாள். அவர் யோசித்தார். "கேட் குறுக்க வராது, சரி. பள்ளிக்கூடம் விடுற நேரம் அங்க நகர முடியாதே? அதைப் போட்டியா?"

போடவில்லை. குறித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு விழுந்த பெரியவரு எப்படி இருக்காருண்ணே?"

"பிழைச்சுட்டாரு. பேச்சு குழறுது. சீக்கிரம் போயிருந்தா சரியா இருந்திருக்குமான்னு டாக்டருக்கே தெரியலையாம்."

அந்தக் கேள்விக்கு எந்தப் பதிவிலும் விடை இல்லை.

பள்ளி விடும் நேரத்துக்கு மட்டும் அடுத்த தெரு என்று திருத்தி, வண்டி நூலக முனைக்குப் போனது. பட்டம் வாங்கியதும் மேற்பார்வையாளரே அவளை வேலைக்குக் கூப்பிட்டார். "ஆம்புலன்சுக்குக் கணக்கு டீச்சரா?" என்றார் மாமா. இம்முறை அவள் சிரித்து வைக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் மாதம் மூன்றாம் வண்டியை இடம் மாற்றினாள். அன்று பத்து மணிக்குப் பயத்தில் குளியலறையில் வாந்தி எடுத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அழைப்பு எடுப்பவளின் பக்கத்து நாற்காலியில், திரையில் அந்த வண்டியின் புள்ளியைப் பார்த்தபடி மாலைவரை உட்கார்ந்திருந்தாள்.