வாசலில் போட்ட கதிரை

எண்பதுகளின் கடைசியில், சுவிஸின் ஷ்லீரன் நகரில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து புலம்பெயர்ந்த தமிழர் நாங்கள் ஓர் இளைஞர் மன்றம் நடத்தினோம். கரம்போர்ட் ஆட்டம், பாட்டு, நாடக ஒத்திகை என்று பொழுது போகும். சுவரில் ஒரு பிள்ளையார் படம் மாட்டியிருந்ததால் சப்பாத்தோடு உள்ளே வரக்கூடாது என்பது சட்டம்.

என் தங்கைக்கு அப்போது பதினாறு வயது. சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனது. அந்தக் காலைத் தாங்கும் இரும்புப் பட்டை சப்பாத்தோடு சேர்த்துப் பூட்டியது. சப்பாத்தைக் கழற்றினால் அவளால் ஓரடி வைக்க முடியாது. மன்றத்துப் பாட்டுக் குழுவில் சேரவேண்டும் என்று ஒரு கிழமையாகப் பாடிப்பாடி என் காதைத் தின்றாள். கூட்டிக்கொண்டு போனேன்.

மன்றத் தலைவர் வாசலிலேயே மறித்தார்.

"சாமிப் படம் இருக்கிற இடம், தம்பி. சப்பாத்தோட எப்பிடி?"

பட்டையைக் காட்டி விளக்கினேன்.

"அப்ப வாசல்ல ஒரு கதிரையைப் போடுவம். அங்கயிருந்தும் பாடலாம்தானே."

அந்தக் கதிரையை நானேதான் தூக்கிப் போட்டேன். பனியில் நனைந்த சப்பாத்துகளின் நாற்றத்துக்கு நடுவே அவள் இருந்தாள். உள்ளே கரம் அடிக்கிற சத்தத்தில் அவள் பாடியது எவருக்கும் கேட்கவில்லை. வந்தவர்கள் எல்லாம், "தங்கச்சி, இதை ஒருக்காப் பாத்துக்கொள்ளும்" என்று ஜாக்கெட்டுகளை அவள் மடியில் குவித்தார்கள்.

நாலு மணிபோல, நகரசபையில் இளைஞர் வேலைகளுக்குப் பொறுப்பான சுவிஸ் பெண்மணி எங்களைப் பார்க்க வந்தார். முழங்கால்வரை பூட்ஸ், அடியெல்லாம் சேறு. தலைவர் பல்லை இளித்துக்கொண்டு அவரைப் பிள்ளையாருக்கு நேர் கீழே இருத்தி வடை கொடுத்தார். அவரை வழியனுப்பும்போது, தலைவர் வாசலில் நின்று என் தங்கையின் தலையைத் தடவி, இப்படியான பிள்ளைகளையும் நாங்கள் சேர்த்துத்தான் நடத்துகிறோம் என்று அரைகுறை ஜெர்மனில் அளந்தார். அந்தப் பெண்மணி உருகிப்போய்க் கைதட்டினார். நாங்களும் தட்டினோம். எவ்வளவு கேவலம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தங்கை கேட்டாள்:

"அண்ணா, அவ சப்பாத்தோடதானே உள்ள போனவ?"

"அவ விருந்தாளி."

"அப்ப நான் ஆர்?"

பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். தலைவரைத் திட்ட எனக்கு இன்றைக்கும் வார்த்தைப் பஞ்சமில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை தங்கை வரமாட்டேன் என்று வீட்டில் இருந்துவிட்டாள். நான் போனேன். கரத்துக்கு ஓராள் குறையுது என்று தலைவர் கூப்பிட்டிருந்தார்.