அசுந்தாவின் உயரத்துக்கு ஓர் அடுப்பு

ஒரோன்சோவை எங்கள் ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மணிக்கூண்டு என்றுதான் சொல்வோம். ஆறடிக்கு மேல் இரண்டு அங்குலம். ஒத்ராந்தோ துறைமுகத்துக்குத் தெற்கே எங்கள் கடற்கரையில் அந்த உயரத்துக்கு இன்னொரு ஆளும் இல்லை, கதவும் இல்லை. அவர் மனைவி அசுந்தா அவருடைய நெஞ்சு வரைக்கும்கூட வரமாட்டாள். கல்யாணத்தன்று போட்டோ எடுத்தவர் அவளைத் தேவாலயத்தின் இரண்டாவது படியில் ஏற்றி நிறுத்தினார், இவரைத் தரையில் நிறுத்தினார். அப்படியும் படத்தில் அவர் குனிந்துகொண்டுதான் இருப்பார்.

முப்பத்து நான்கு வருடம் ஷூ தொழிற்சாலையில் தோல் வெட்டினார். முதலில் அட்டையில் அச்சு வெட்டி, அதைத் தோல்மேல் வைத்துத்தான் கத்தியை ஓட்டுவார்கள். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. அலமாரி வாங்குவதாக இருந்தாலும் அதே அளவில் அட்டை வெட்டிச் சுவரில் ஒட்டி ஒரு வாரம் பார்ப்பார்.

நான் அவர்கள் அடுத்த வீடு. நாற்பது வருடம் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனித்த நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகும் ஊர்க்காரர்கள் விட்டதில்லை. அதனால் ஜனவரியில் அசுந்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் போய், ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்கு அழைத்து வந்ததும் என்னிடம்தான் வந்தார்கள். காலையில் குளிக்க வைப்பது, கையைப் பயிற்சி செய்ய வைப்பது, மாலையில் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு.

சமையல் ஒரோன்சோவின் பொறுப்பு. முதல் நாள் அவர் போட்ட சோற்றை இரண்டு கரண்டி தின்றுவிட்டு அசுந்தா தட்டைத் தள்ளினாள். அப்போது அவளுக்குப் பேச்சு கொஞ்சம் குழறும், ஆனால் நாக்கில் இருந்த முள் போகவில்லை.

"என்னய்யா மணிக்கூண்டு, கம்பெனில மிச்சமான தோல வேக வச்சியா?"

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். நீ சொல்லு, நான் செய்றேன்."

"சொன்னா வந்துருமா? அதெல்லாம் கைல இருக்கு."

அன்று வாசல்வரை என்னோடு வந்தவர் சொன்னார்: "அவ கையால ஒரு வாய் சாப்பிடணும் நர்ஸம்மா. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

செய்யக்கூடிய காரியம்தான். இடது கை நன்றாக இருந்தது, புத்தி தெளிவாக இருந்தது. ஆனால் வீட்டில் இடம் இல்லை. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இரண்டு சமையலறை உண்டு. வீட்டுக்குள் இருப்பது நல்ல சமையலறை. பளபளவென்று இருக்கும், யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. கார் நிறுத்துகிற அறையில் ஒரு பழைய அடுப்பு இருக்கும். பொரிப்பது, வதக்குவது, நாற்பது வருடம் குடும்பத்துக்குச் சோறு போடுவது எல்லாம் அதில்தான். அசுந்தாவின் சக்கர நாற்காலி நல்ல சமையலறையின் கதவுக்குள் போகவில்லை. கார் அறையில் போயிற்று, ஆனால் அடுப்பு அவள் கன்னத்துக்கு நேராக இருந்தது.

"அப்போ வெளியில கட்டிருவோம்," என்றார் ஒரோன்சோ. பின்பக்கம் கடலைப் பார்த்த முற்றம் சும்மாதான் கிடந்தது.

அளவு எடுத்தது நான். நாற்காலியில் உட்கார்ந்தால் தரையிலிருந்து முழங்காலின் மேற்புறம் அறுபத்திரண்டு செண்டிமீட்டர். முழங்கால் இடிக்காமல் உள்ளே போக மேடைக்கு அடியில் அறுபத்தெட்டு வேண்டும். கல்லின் கனத்தையும் சேர்த்தால் மேற்பரப்பு எழுபத்து நாலு. இடது கை எட்டுகிற தூரம் நாற்பத்தெட்டு. அடுப்பின் கண்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கக் கூடாது, பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும்; நெருப்புக்கு மேல் கை நீட்டினால் சட்டைக் கை பற்றிக்கொள்ளும். பாத்திரம் கழுவுகிற தொட்டி ஆழம் இல்லாமல், கழிவுக்குழாய் பின்னால் ஒதுங்கி. இல்லாவிட்டால் கொதிநீர் ஊற்றும்போது குழாய் சுட்டு, உணர்ச்சி இல்லாத காலில் கொப்புளம் வரும், அவளுக்குத் தெரியவே தெரியாது. பலகையில் இரண்டு துருப்பிடிக்காத ஆணி. வெங்காயத்தை அதில் குத்தி நிறுத்தினால் ஒரு கையால் வெட்டலாம். மேடை விளிம்பில் விரல் கனத்துக்கு ஒரு வரம்பு, பாத்திரம் வழுக்கி மடியில் விழாமல் இருக்க.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு நகரத்தில் கடை கடையாக ஏறி, குளிர்சாதனப் பெட்டி வருகிற அட்டைகளை வாங்கி வந்து, சமையலறை முழுவதையும் முற்றத்தில் அட்டையிலேயே கட்டினார். அடுப்பின் வட்டங்களைக்கூட வரைந்து வைத்தார். அசுந்தா மூன்று நாள் அதற்குள் நாற்காலியை உருட்டிப் பார்த்தாள்.

"இந்தக் குழாய யாருக்கு வச்ச? என் செத்த கைக்கா?"

"இந்தப் பக்கம் மாத்திரலாம்."

"இன்னும் கிட்ட. இன்னும். ஆங், இப்போ சரி. என்னய்யா இது, அடுப்பு சூடாவே இல்ல?"

"பேனால வரைஞ்சது எப்படி சூடாகும்?"

"உன்ன நம்பி வந்தேன் பாரு," என்று சொல்லிச் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

நாலாம் நாள் காலை வடக்கத்திக் காற்று எழும்பி அட்டைச் சமையலறையைத் தூக்கிப் பாறைகளைத் தாண்டிப் போட்டது. கொத்தனார் பந்தலேயோ வந்தபோது அட்டைத் தொட்டி கடலில் மிதந்துகொண்டிருந்தது.

"மணிக்கூண்டு, உன் சமையலறை உனக்கு முன்னாடியே குளிக்கப் போயிருச்சேய்யா."

ஒரோன்சோவுக்குக் கோபம் வரவில்லை. அட்டைகள் எந்தத் திசையில் பறந்தன என்று பார்த்துக் குறித்துக்கொண்டார். கட்டப்போகும் அடுப்பின் முதுகை வடக்குப் பக்கம் திருப்பினார். ஆளுயரச் சுவர் ஒன்று அந்தப் பக்கம் எழுந்தது. மேற்கு வெயிலுக்கு நாணல் கூரை. தென்கிழக்குக் காற்று உப்பு ஈரத்தைக் கொண்டுவருமென்று இரும்பே வைக்கவில்லை. மேடைக்கு வெள்ளைக் கல், கீழே சாய்வான தரை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் பந்தலேயோ வேலை செய்தார். கல் போடுகிற அன்று, "இது ஆளுக்கா கட்றோம், ஆட்டுக்குட்டிக்கா? குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சு," என்றார்.

"என் பொண்டாட்டிக்கு," என்றார் ஒரோன்சோ. பந்தலேயோ திரும்பவும் குனிந்து கல்லின் மட்டத்தைப் பார்த்தார்.

ஆகஸ்டு முதல் வாரம் கட்டி முடித்தார்கள். வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மேடையில் கை வைத்தால் குளிர்ந்திருந்தது, தலையைத் திருப்பினால் கடல். அசுந்தா நாற்காலியை உள்ளே செலுத்தினாள். முழங்கால் இடிக்கவில்லை. குழாயைத் திறந்தாள், மூடினாள். ஒரோன்சோ விறகை அடுக்கித் தீப்பெட்டியை அவள் கையில் கொடுத்தார்.

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். "லொரெதானா வரட்டும்."

லொரெதானா அவர்களுடைய ஒரே மகள், வடக்கே தொலைவில் தூரின் நகரத்தில் இருக்கிறாள். அப்போது அவளுக்கு வயிற்றில் எட்டு மாதம். பயணம் செய்யக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். கிறிஸ்துமஸுக்குக் குழந்தையோடு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"அதுக்கு இன்னும் நாலு மாசம் இருக்கேடி," என்றேன்.

"இருக்கட்டும். முதல் நெருப்பு பிள்ளைக்கு. இப்பவே புகை ஏத்தி, எண்ணெய் தெறிச்சு வச்சா அவ வரும்போது எப்படி இருக்கும்? நர்ஸு, உள்ள இருந்து அந்தப் பெரிய போர்வைய எடுத்துட்டு வா."

ஒரோன்சோ என்னைப் பார்த்தார். நான் போய்ப் போர்வையை எடுத்து வந்தேன். மேடையை மூடி, ஓரங்களைச் செருகி, காற்று தூக்காமல் நாலு மூலையிலும் கல் வைத்தேன். என் வீட்டிலும் இருபத்து நாலு தட்டுகள் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன, கல்யாணத்துக்கு வந்தவை. ஒன்றில்கூட யாரும் சாப்பிட்டதில்லை. அதனால் அவள் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. கையைத் தினமும் வேலை செய்ய விட வேண்டுமென்று நாற்பது வருடம் நோயாளிகளுக்குச் சொன்னவள் நான். இரண்டாவது முறை பக்கவாதம் வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்பதும் எனக்குத் தெரியும். அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்டு நடுவில் தக்காளிச் சாறு காய்ச்சிப் புட்டியில் அடைக்கிற நாள். அதற்காவது திறப்பாள் என்று ஒரோன்சோ நினைத்தார்.

"தக்காளி தெறிச்சா வெள்ளைக் கல்லுல கறை ஏறும், தெரியாதா உனக்கு?" என்றாள். கார் அறையிலேயே காய்ச்சினோம். அவள் ஓரமாக உட்கார்ந்து அதட்டினாள், நாங்கள் கிண்டினோம். ஒரோன்சோ புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

செப்டம்பரில் லொரெதானாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அன்றிலிருந்து அசுந்தா ஒத்திகையில் இறங்கினாள். மடியில் ஒரு பலகை. கோதுமை மாவைக் கயிறுபோல் உருட்டி, நகக் கண் அளவுக்கு வெட்டி, கட்டைவிரலால் அழுத்தி இழுத்துத் திருப்பினால் சின்னக் காது போல வரும். வேக வைத்துத் தக்காளிச் சாறு ஊற்றிச் சாப்பிடுவோம்; எங்கள் ஊர்ப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வது. இவளுக்குப் பழகாத இடது கை. முதல் வாரம் செய்தவை மிதிபட்ட பட்டாணி போல இருந்தன. எல்லாவற்றையும் கோழிக்குப் போட்டாள்.

"எனக்குக் குடேன், நான் திங்கிறேன்," என்றார் ஒரோன்சோ.

"இது ஒத்திகைய்யா. கோழிக்குத்தான்."

ஒரு நாள் மத்தியானம் அசுந்தாவைத் தூங்க வைத்துவிட்டுக் கார் அறைப் பக்கம் போனேன். ஒரோன்சோ பழைய அடுப்பின் முன்னால் நின்று ஒரு சின்னப் பாத்திரத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். உள்ளே பத்துப் பன்னிரண்டு காதுகள்; கோழித் தட்டிலிருந்து எடுத்தவை. என்னைப் பார்த்ததும் திருடன்போல விழித்தார்.

"உப்புப் போட மறந்துட்டேன்," என்றார். நின்றபடியே, பாத்திரத்திலிருந்தே சாப்பிட்டு முடித்தார்.

"அவகிட்ட கேட்டு வாங்கித் தின்னலாமே?"

"கேட்டேன் நர்ஸம்மா. நாலு தடவ கேட்டேன்."

அக்டோபர் கடைசியில் காதுகள் காதாகவே வந்தன. அசுந்தா அதைப் பற்றி அலட்டிக்கொள்ளவில்லை. கோழிக்குப் போடுவதை மட்டும் குறைத்தாள்.

நவம்பர் இரண்டாம் வாரம், காலை ஏழே கால் மணிக்கு ஒரோன்சோ என் கதவைத் தட்டினார். போனேன். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். ஆம்புலன்ஸ் வந்தபோது செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை.

லொரெதானா இரண்டு மாதக் குழந்தையோடு வந்தாள். எங்கள் பக்கம் சாவு விழுந்த வீட்டில் மூன்று நாள் நெருப்பு மூட்டமாட்டார்கள். அக்கம்பக்கத்தார் சூப்பும் இறைச்சி உருண்டையும் காப்பியும் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டே இருப்போம். மூன்றாம் நாள் மாலை லொரெதானா பின்கட்டுக்குப் போய்ப் போர்வையின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். நானும் ஒரோன்சோவும் அங்கே நின்றோம்.

"எவ்ளோ அழகா இருக்குப்பா. அம்மா இதுல என்னென்ன சமைச்சா?"

"ஒண்ணும் சமைக்கல. நீ வரட்டும்னு இருந்தா."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் அவருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. லொரெதானா மூலையைத் திரும்ப இறக்கிச் செருகினாள், நான் செருகியது போலவே. பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். நான் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

நாலாம் நாள் காலை அசுந்தாவின் துணிகளை எடுத்து வைக்கும்போது, அலமாரியின் கீழ்த்தட்டில் கிறிஸ்துமஸ் கேக் வந்த தகர டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே காகிதம் விரித்து, காய வைத்த காதுகள். கோணல்மாணல் ஒன்றுகூட இல்லை, பொறுக்கிச் சேர்த்தவை. மூடியில் பென்சிலால், இடது கை எழுத்தில், மகளின் பெயர். ஒரு தட்டுக்குக் கொஞ்சம் மேலே வரும்.

ஒரோன்சோ டப்பாவை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். நாலு கல்லையும் தூக்கி ஓரமாக வைத்தார். போர்வையை மடித்தார். விறகு ஆகஸ்டில் அடுக்கியபடியே இருந்தது. வடக்கத்திக் காற்று வீசிக்கொண்டிருந்தது; புகை ஒரு முழம்கூட வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, நேராக மேலே போயிற்று. திசை சரியாக இருந்தது. அளவுகளும் சரியாக இருந்தன.

தண்ணீர்ப் பாத்திரத்தை வைக்கக் குனிந்தார். மேடை அவர் தொடை அளவுதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார், திரும்பக் குனிந்தார், முடியவில்லை. நான் உள்ளே போய் அசுந்தாவின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தேன். திங்கட்கிழமை சுகாதார அலுவலகத்தில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதில் உட்கார்ந்து மேடைக்கு அடியில் காலை விடப் பார்த்தார். கல் முட்டியது. கொஞ்சம் பின்னால் போய் மறுபடி முயன்றார். மறுபடியும் முட்டியது.

"முட்டி இடிக்குது நர்ஸம்மா," என்றார்.

"திரும்பி உக்காருங்க."

நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, உடம்பை முறுக்கி, ஒரு கையாலேயே கிண்டினார். இந்த முறை உப்புப் போட்டார். வடித்து, ஆகஸ்டில் அடைத்த புட்டியில் ஒன்றைத் திறந்து ஊற்றினார். ஊற்றும்போது மேடையில் தெறித்தது. நான் துணியை எடுத்தேன்.

"விடுங்க," என்றார்.

தட்டை மகளுக்கு முன்னால் வைத்தார். லொரெதானா பாதியைப் பிரித்து அவர் பக்கம் தள்ளினாள். அவர் தலையை ஆட்டினார்.

"உன் பேருதான் எழுதியிருக்கு. நீ சாப்பிடு. நான் சாப்பிட்டுட்டேன்."

நாற்காலியை நான் திங்கட்கிழமை திருப்பிக் கொடுக்கவில்லை. என் அலமாரியில் அந்த இருபத்து நாலு தட்டுகளும் அப்படியேதான் இருக்கின்றன. வெள்ளைக் கல்லில் தெறித்த இடத்தை ஒரோன்சோ யாரையும் துடைக்க விடவில்லை. கறை ஏறிவிட்டது.