மலைவாசலில் ஒரு ஃப்ரீவே பாட்டு

கலிஃபோர்னியாவில், எங்கள் மௌரி அவென்யூ மளிகைக் கடையில் போன வாரம் ஒரு ஆன்ட்டி என்னை மடக்கினார்.

"சைனா போனீங்களாமே! சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க?"

ஊர் திரும்பியதிலிருந்து எல்லோருக்கும் இதே கேள்வி. ஒரு தேசத்தைப் பார்த்துவிட்டு வந்தவளிடம் கேட்க வேறு எதுவும் இல்லையா? "சோறுதான் ஆன்ட்டி. அங்கயும் நெல்லுதான் விளையுது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஆற்றைப் பற்றிக் கேட்டிருந்தால் நின்று பேசியிருப்பேன். குய்லினில் விடியற்காலை. லி ஆறு அசையவே இல்லை. பனிக்குள்ளிருந்து மலைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன... மறுபடி உள்ளே போயின. போவது படகா, மலையா? என் வாயே மூடிக்கொண்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் படகின் முன்னால் என் மகள் ஆதிரை. பின்னால் என் கணவர் குமரேசன். இருவருக்கும் பல வாரங்களாகப் பேச்சு இல்லை. அவள் நியூ ஜெர்சியில் காலேஜ் சேரப்போகிறாள். "கலிஃபோர்னியால இல்லாத காலேஜா?" என்று இவர் ஒரு நாள் கத்தினார். "ஐ'ம் டன்" என்று அவள் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான். இப்படியே விமானம் ஏறிவிடுவாளோ என்ற பயத்தில்தான் இந்தப் பயணத்துக்கே நான் அடம்பிடித்தேன்.

மறுநாள், மலைமேல் டோங் இன மக்களின் கிராமம். வழியெல்லாம் படிக்கட்டு வயல்கள். தண்ணீர் நின்ற ஒவ்வொரு வயலிலும் ஒரு துண்டு வானம். ஊர்வாசலில் கருநீல உடையும் வெள்ளி நகையுமாகப் பெண்கள் குறுக்கே மூங்கில் பிடித்து வழிமறித்தார்கள். பாடினார்கள். வாத்தியம் கிடையாது, வெறும் குரல்கள். தூறலே பாடுவது மாதிரி இருந்தது.

வழிகாட்டிப் பெண் சிரித்தாள். விருந்தாளிகள் பதிலுக்குப் பாடினால்தான் உள்ளே விடுவார்களாம்.

"ஆதிரை, ஒரு வர்ணம் பாடுடி."

"நோ, அம்மா."

"பின்ன எதுக்குடி சனிக்கிழமை சனிக்கிழமை பாட்டு கிளாஸுக்கு ஓட்டினேன்?"

"யூ டெல் மீ."

அந்தப் பெண்கள் காத்திருந்தார்கள். எனக்குக் கோபத்தில் காது சுட்டது. அப்போது குமரேசன் தொண்டையைச் செருமினார். பிறந்தநாள் பாட்டுக்குக்கூட வாயசைக்காத மனுஷன்!

"டெகோட்டோ வந்தாச்சு... மௌரி வந்தாச்சு... கண்ணு தூங்கு, அப்பன் ஓட்டறேன்... கண்ணு தூங்கு..."

தொட்டிலில் தூங்காத குழந்தை ஆதிரை. காரில் போட்டு 880 ஃப்ரீவேயில் சுற்றினால்தான் கண்ணை மூடுவாள். இறங்கும் தெருக்களின் பெயர் எழுதிய எக்ஸிட் போர்டுகளையே இவர் ராகம் போட்டுப் படிப்பார். ராகமா அது? அந்தப் பாட்டு இருந்ததையே நான் மறந்துவிட்டேன்.

"அப்பா." பின்னாலிருந்து ஒரு குரல். "யூ ஸ்கிப்ட் தோர்ன்டன்."

இவர் திரும்பவில்லை. "அது எங்க கண்ணு வரும்?"

"டெகோட்டோவுக்கு அப்புறம்." தமிழில்!

முதலிலிருந்து ஆரம்பித்தார்கள், இரண்டு பேரும். டோங் பெண்கள் கைதட்டித் தாளம் போட்டார்கள். மூங்கில் விலகியது. ஒரு கிண்ணத்தில் அரிசி மது வந்தது. ஆதிரை கை நீட்டினாள்.

"உனக்குக் கிடையாது."

"யூ'ர் நாட் தி பாஸ் ஆஃப் சைனா, அப்பா!"

அப்பாடா... சண்டை வந்துவிட்டது! இத்தனை வருஷத்தில் ஒரு சண்டை எனக்கு இவ்வளவு இனித்ததில்லை.

ஆனாலும் அவள் நியூ ஜெர்சிதான் போகிறாள். நூவர்க் ஏர்போர்ட்டில் இறங்கி, தானே காரில் கொண்டுபோய் விடப்போவதாக இவர் சொல்லியிருக்கிறார். டர்ன்பைக் என்கிற அந்த ஊர் ஃப்ரீவேயில் எக்ஸிட்டுகளுக்குப் பெயர் கிடையாதாம். நம்பர்தானாம், அதுவும் இறங்குவரிசையில். அவள் காலேஜுக்கு ஒன்பதில் இறங்க வேண்டும்.

நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே முனகுகிறார்: "பன்னெண்டு வந்தாச்சு... பதினொண்ணு வந்தாச்சு..."

பத்து வரைக்கும் வருகிறார். ஒன்பதை மட்டும் பாடுவதில்லை.