வாசலில் விட்ட செருப்பு

செருப்பை அங்கன்வாடி வாசலில் விட்டுவிட்டு, பூனை மாதிரி பின்பக்கமாக நழுவி, வெறுங்காலோடு பட்டறைக்கு நடப்பது அமீர் ஹம்சாவின் வழக்கம். உள்ளே இரண்டு வயது மகள் நிலோஃபர். வாசலில் செருப்பு கிடந்தால் அத்தா பக்கத்தில்தான் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்வாள், அழமாட்டாள். இது அவரே கண்டுபிடித்த வழி.

கோவை கோட்டைமேட்டு ஆள். பட்டறையில் இரும்பு கடையும் லேத் ஓட்டுகிறார். வெகுகாலம் காத்திருந்து பிறந்த ஒரே பிள்ளை. அதன் அழுகை மட்டும் அவருக்கு ஆகாது. மனைவி சாஜிதா விடிந்ததும் தையல் கம்பெனிக்குப் போய்விடுவதால், பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது இவர் வேலை. பட்டறைத் தரையெல்லாம் இரும்புப் பிசிறு. குதிகாலை ஊன்றாமல் இவர் நடப்பதைப் பார்த்து முதலாளி சுந்தரராஜுலு, "ஏனுங்க பாய், பட்டறையப் பள்ளிவாசல்னு நெனச்சுப்போட்டீங்களா?" என்பார். எதற்கும் சொல்லும் பதிலையே இதற்கும் சொல்வார்: "அப்படியும் இருக்குமுங்க."

போன வாரம் அங்கன்வாடி மௌனிகா டீச்சர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்ண்ணா, புள்ள வெளையாடறதே இல்லீங்க. செருப்புக்குக் காவலா உக்காந்துக்குது. அத்தா, அத்தானு கூப்புட்டுப் பாக்குது, ஆளக் காணோம். சொல்லிப்போட்டுப் போங்க. அழுதா நாங்க தூக்கிக்கறோம். சொன்னபடி சாயங்காலம் வந்து நில்லுங்க. போனா வருவாருன்னு அப்பத்தான் நம்பும்."

"அழுவ வெச்சா நம்புமா? என்னங்க அம்மணி கணக்கு இது?"

அன்று கடைந்த இரும்பு ஷாஃப்ட் அளவு தப்பியது. ஏமாற்றி அழாமல் வைப்பதும் தப்பு, சொல்லி அழவைப்பதும் தப்பு என்றால் மனுஷன் என்னதான் செய்வான்?

நேற்றுக் காலை, மகள் கண்ணெதிரிலேயே செருப்பை மாட்டிக்கொண்டார். "அத்தா வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வாரேன் கண்ணு." தெருமுனை வரைக்கும் அழுகை துரத்தியது. பிறகு சட்டென்று அடங்கியது. அவர் நின்றுவிட்டார். தேறிவிட்டாளா, அதற்குள் என்னை மறந்துவிட்டாளா? போகவும் கால் வரவில்லை, திரும்பவும் வரவில்லை.

சாயங்காலம் முதல் ஆளாக வாசலில் நின்றார். நிலோஃபர் ஓடிவந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. காலடியில் உட்கார்ந்து, செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, விளையாட உள்ளே ஓடிவிட்டாள்.

"என்னங்க டீச்சர் இது?"

டீச்சர் சிரித்தார்.

அமீர் ஹம்சா படியில் உட்கார்ந்தார். உள்ளிருந்து எட்டிப் பார்த்த மகளுக்கு, அத்தா எங்கும் போகவில்லை என்று தெரியும்படி, வெறுங்கால் இரண்டையும் நன்றாக நீட்டி வைத்துக்கொண்டார்.