குருத்தோலை ஞாயிறுக்குக் கொடுக்காத ஒலிவக் கொப்பு

பூம்ப்ளிஸ் எண்ட இந்தக் குளிர்தேசத்து ஊரிலை எங்கடை வீட்டுப் பல்கனியிலை, பெரிய சாடிக்குள்ளை ஒரு ஒலிவ மரம் நிற்குது. நான் வளர்த்த மரம். இஞ்சை தென்னங்குருத்து இல்லை. அதாலை குருத்தோலை ஞாயிறுக்கு எங்கடை கோயில் பீடத்துக்கு வைக்கிற கொப்பு வருசாவருசம் என்ரை மரத்திலையிருந்துதான் போகும்.

இந்த வருசம் அந்த ஞாயிறு வழமையிலும் வெள்ளெனவே வந்திட்டுது. இராவிலை தண்ணி உறையிற குளிர். அந்த நேரம் வெட்டினால் வெட்டுவாய்க்குள்ளை குளிர் இறங்கி மரமே பட்டுப்போம். நான் தரமாட்டன் எண்டிட்டன்.

சுவாமியாரே போன் எடுத்தார். "என்ன ஆச்சி, ஆண்டவருக்கும் இல்லையோ?"

"ஆண்டவர் கொஞ்சநாள் பொறுப்பார் சுவாமி. மரம் இந்தக் குளிரைப் பொறுக்காது."

அவர் சிரிச்சுப்போட்டு வைச்சிட்டார். பீடத்துக்குக் கடைப் பூ வைச்சினம். கோயில் வாசலிலை ஒருத்தி, "ஆச்சியின்ரை மரம் ஏதேன் தோட்டத்திலையிருந்து வந்ததாம், தொடக்கூடாதாம்" எண்டாள்.

"ஓம், தொடாதை" எண்டன்.

உயிர்த்த ஞாயிறும் கழிஞ்சு குளிர் விட்டாப்பிறகு, நடுமரத்துக்கு வெளிச்சம் விழுற மாதிரி நானே அளவாய் வெட்டினன். கொப்பெல்லாத்தையும் கட்டி, பஸ்ஸிலை கொண்டுபோய்ப் பீடத்திலை வைச்சன். சுவாமியார் தீர்த்தம் கொண்டுவந்து தெளிச்சார். வெட்டின இடமெல்லாம் இப்ப துளிர் நிற்குது.