சஷ்டி விரதமும் மணிக்கூடும்

நான் கோப்பாயில் ஓட்டப் பயிற்சி கொடுப்பவன். இரண்டு இதயத்துடிப்புகளுக்கு இடையிலான நேரம் எவ்வளவு கூடிக்குறைகிறது என்பதைப் பிள்ளைகள் கையில் கட்டும் மணிக்கூடு அளக்கும். அந்த அளவு விழுந்தால் உடல் களைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். தினமும் திகதி போட்டுக் கொப்பியில் எழுதுவேன்.

கந்தசஷ்டியின் நான்காம் நாள், வியாழக்கிழமை. என்னிடம் ஓடப் பழகும் சுகந்தியின் அளவு மூன்றாவது காலையாக விழுந்திருந்தது. அடுத்த மாத மாகாணப் போட்டிக்கான பட்டியலில் அவள் பெயரை வெட்டினேன்.

"ஏன் சேர் வெட்டினீங்கள்?"

"உன்ரை உடம்பு தாங்காது. மணிக்கூடு சொல்லுது."

"நான் சஷ்டி விரதம், சேர். பாலும் பழமும்தான். மணிக்கூட்டுக்கு விரதம் தெரியாது. உங்களுக்குமோ தெரியாது?"

என் மனைவியும் அதே விரதத்தில்தான் இருந்தாள். அளவு பொய் சொல்லவில்லை. காரணம் கேளாமல் தீர்ப்பு எழுதியவன் நான்.

விரதம் முடிக்கும் பாறணை வரை அவளுக்கு நடைப்பயிற்சி மட்டும் கொடுத்தேன். பெயரைத் திரும்ப எழுதினேன்.

"உந்த அளவோடை ஓடித் தோற்றால் ஆர் பொறுப்பு?" என்றார் எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர்.

"நான்தான்," என்றேன்.

மாகாணப் போட்டியில் அவள் ஐந்தாவதாக வந்தாள். தலைவர் இன்றும் அதைச் சொல்லிக் காட்டுகிறார். காட்டட்டும். அளவு விழுந்த காலைகளில் முதலில் பிள்ளையிடம் போய்க் கேட்கிறேன். பதில் வரும்வரை எவர் பெயரையும் வெட்டமாட்டேன்.